‘ஃபர்ஹா’ படத்தைப் பதின்மூன்று வயது மகளுக்குக் காட்டலாமா?

11 டிசம்பர் 2022: வாசகர் ஒருவரின் கேள்வி

ஜோர்டான் இந்த முறை ஆஸ்கருக்கு அனுப்பியிருக்கும் ‘ஃபர்ஹா’ இம்மாதம் முதல் தேதியிலிருந்து நெட்ஃப்ளிக்ஸில் இருக்கிறது. ஆசிய பசிபிக் திரை விருதுகளில் சிறந்த இளையோர் படம் என்று தேர்வாகியிருப்பதால், பதின்மூன்று வயதாகும் என் மகளுடன் சேர்ந்து பார்க்கலாம் என்று எண்ணினேன். ஆனால் படத்தை நீக்கச் சொல்லி ஒரு சாராரும், கட்டாயம் பார்க்கச் சொல்லி மறு சாராரும் எழுதுவதைப் படித்தபின் தயக்கமாக இருக்கிறது. இது பிள்ளைகளுக்குரிய படம்தானா?

11 டிசம்பர் 2022, இரவு

காட்டலாம். மொத்தம் 92 நிமிடம். 1948இல், இஸ்ரேல் உருவான போரின்போது, பாலஸ்தீனச் சிற்றூர் ஒன்றில் வாழும் பதினான்கு வயதுப் பெண் ஃபர்ஹா, தோழி ஃபரீதாவைப் போல நகரத்துப் பள்ளியில் சேர்ந்து படிக்க ஆசைப்படுகிறாள். ஊர்த் தலைவரான தந்தை நெடுநேரம் தயங்கிவிட்டுச் சம்மதித்துப் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்திடுகிறார். தோழிகள் இருவரும் அந்த மகிழ்ச்சியைப் பேசித் தீர்ப்பதற்குள் குண்டு விழுகிறது. அதன் பிறகு தந்தை மகளை வீட்டின் சரக்கறையில் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பி வருவதாக வாக்களித்துவிட்டுத் துப்பாக்கியோடு போகிறார். படத்தின் பெரும்பகுதி அந்த இருட்டறைக்குள்தான் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் ராஷெல் அவுனின் கேமரா அந்தப் பெண்ணை விட்டு நகர்வதில்லை. கதவின் இடுக்கு வழியாக அவளுக்குத் தெரிவது மட்டுமே நமக்கும் தெரியும். இரத்தக் களரியாக எதையும் காட்டவில்லை. ஆகவே தயங்க வேண்டாம்.

12 டிசம்பர் 2022

நேற்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கைக்குழந்தையின் அழுகை காதில் கேட்டது. இரத்தம் காட்டப்படாததால் கொடுமை குறைந்துவிடாது என்பதை மறந்து, தணிக்கைச் சான்றிதழ் எழுதுகிறவரைப் போல எழுதிவிட்டேன்.

நடப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். படம் பார்க்கும் வரை எதுவும் தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிச் செல்லலாம். ஃபர்ஹா அறைக்குள் இருக்கும்போது, வேறு ஊரிலிருந்து தப்பி வரும் ஒரு குடும்பம் அவள் வீட்டு முற்றத்தில் ஒதுங்குகிறது. கணவன், நிறைமாதக் கர்ப்பிணியான மனைவி, இரண்டு சிறு பெண்கள். அங்கேயே பிரசவம் நடந்து ஆண் குழந்தை பிறக்கிறது. சிறிது நேரத்தில் ஆயுதம் தாங்கியவர்கள் வருகிறார்கள். முகத்தை மூடிய காட்டிக்கொடுப்பவன் ஒருவன் அவர்களோடு இருக்கிறான். பிறந்த குழந்தையைத் தவிர மற்ற அனைவரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். குழந்தைக்குத் தோட்டாவை வீணாக்க வேண்டாம் என்று ஓர் இளைஞனுக்கு உத்தரவாகிறது. அவனால் அதைச் செய்ய முடியவில்லை. கைக்குட்டையால் குழந்தையை மூடிவிட்டுப் போகிறான். அதன் பிறகு கதவுக்கு இந்தப் புறம் ஒரு பெண்ணும், அந்தப் புறம் ஓர் அழுகையும் மட்டும் எஞ்சுகின்றன. அந்த அழுகை எப்போது நிற்கிறது என்பதைப் பார்ப்பவர் தாமாகத்தான் உணர வேண்டும்.

பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு பார்ப்பதாக இருந்தால் முதலில் நீங்கள் தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘இளையோர் படம்’ என்பது இளையோரைப் பற்றிய படங்களுக்கும் தரப்படும் விருது என்று கொள்ள வேண்டும் போலிருக்கிறது. நான் அந்தச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் எழுதியது தவறு.

15 டிசம்பர் 2022

‘சரக்கறை’ என்று நான் எழுதியது பொருத்தமில்லை என்று ஒருவர் குறிப்பிட்டிருந்தார். பெரிய வீடுகளில் ‘உக்கிராண அறை’ என்பார்களே, அதுதான் நெருங்கி வரும் என்கிறார். ஏற்கிறேன்.

அந்தப் பகுதி மக்கள் ஆண்டு முழுமைக்குமாகச் சேர்த்து வைக்கும் உணவுப் பொருள்களை ‘மூனே’ என்கிறார்கள். ஆலிவ் எண்ணெய், பருப்பு, உடைத்த கோதுமை, உலர்ந்த அத்தி, உப்பிட்டுக் கல்லாகும்படி காயவைத்த தயிர், எண்ணெயில் ஊறும் சிறு கத்திரிக்காய் என்று அறுவடைக் காலத்தில் ஒரு வீட்டின் அடுத்த ஓராண்டு முழுவதையும் அந்த அறைக்குள் அடுக்கி வைப்பார்கள். நான் குவைத்தில் கணக்கராக இருந்த காலத்தில் உடன் வேலை பார்த்த பாலஸ்தீன நண்பரின் தாயார், ஹவல்லியில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டின் சமையலறை மூலையில் இதையெல்லாம் வைத்திருந்தார். சிறு வெண்டைக்காய்களை நூலில் கோத்து மாலையாக மாலையாகத் தொங்கவிட்டிருப்பார். மோர்மிளகாயைப் போல வறுத்துத் தின்பதற்கோ என்று நான் கேட்டபோது அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. குளிர்காலத்தில் குழம்பு வைக்க என்றார். குவைத்தில் எது குளிர்காலம்? தமது ஊரின் பருவங்களை அந்த அம்மையார் விடாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்க்கும்போது இந்தச் சமையலறை மூலைதான் எனக்கு முன்னே நின்றது. பூட்டிய அறையில் ஃபர்ஹா பட்டினி கிடப்பதில்லை. சாக்குகளும் ஊறுகாய் ஜாடிகளும் அவளைச் சுற்றி இருக்கின்றன. எந்த ஓராண்டுக்காகச் சேர்த்தார்களோ அந்த ஆண்டு வெளியே முடிந்துகொண்டிருக்கிறது; அதன் உணவு மட்டும் உள்ளே இருக்கிறது. வசனமே இல்லாத அந்தப் பகுதியில், ஃபர்ஹாவாக நடிக்கும் கரம் தாஹெர் என்ற இளம்பெண் ஜாடியைத் திறப்பதும் முகர்வதும் உண்பதுமாக இருப்பதைக் கண்டு, “ஒன்றுமே நடக்கவில்லை” என்று சலித்துக்கொள்பவர்களிடம் எனக்கு ஒரு சிறு கோபம் உண்டு.

16 டிசம்பர் 2022

‘ஃபர்ஹா’ என்றால் மகிழ்ச்சி. அந்தச் சொல்லின் உறவான ‘ஃபரஹ்’ என்பதைப் பேச்சில் திருமணத்துக்கும் சொல்வார்கள். ஊரார் அந்தப் பெண்ணுக்கு ஒரு ‘ஃபரஹ்’ நடத்திவைக்க நினைக்கிறார்கள்; அவள் வேறொன்றைக் கேட்கிறாள். மொழிபெயர்ப்பில் இது கிடைக்காது.

19 டிசம்பர் 2022

“இது உண்மையா, பரப்புரையா?” என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அவர்களில் ஒருவர் படத்தையே பார்க்கவில்லை என்பதையும் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

இயக்குநர் தாரின் ஸல்லாம் குவைத்தில் பிறந்த, பாலஸ்தீன வேர்களுள்ள ஜோர்டான்காரர். 1948இல் இப்படிப் பூட்டிவைக்கப்பட்டுப் பிழைத்துச் சிரியா போய்ச் சேர்ந்த ஒரு பெண், தன் கதையை அங்கே வேறொரு சிறுமியிடம் சொன்னார். அந்தச் சிறுமி வளர்ந்து தாயாகித் தன் மகளுக்குச் சொன்னார். அந்த மகள்தான் தாரின். ஆக, இது மூன்று வாய் கடந்து வந்த கதை. முற்றத்தில் நடக்கும் காட்சி அப்படியே, அந்த வரிசையிலேயே நடந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அவ்வகையான கொலைகள் நடந்தனவா என்பது வேறு கேள்வி. 1948 ஏப்ரல் 9 அன்று தெய்ர் யாசீன் என்ற பாலஸ்தீன ஊரில் நடந்த படுகொலை யாவரும் அறிந்தது. அது தவிர, தம்மைச் சியோனிசவாதி (யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்பவர்) என்று வெளிப்படையாகக் கூறிக்கொள்ளும் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ், அந்நாட்டின் ஆவணக் காப்பகங்களைத் தோண்டி எடுத்து அந்தப் போரில் இருபதுக்கும் மேற்பட்ட படுகொலைகளைக் கணக்கிட்டிருக்கிறார். ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வெறுமையாகின. இதைப் பேசாமல் படத்தைப் பொய் என்பவர், படத்தோடு வாதிடவில்லை.

எதிர்ப்பு நடந்த விதமும் வினோதமானது. இஸ்ரேலின் யாஃபாவில் உள்ள ஓர் அரபு–ஹீப்ரு நாடக அரங்கம் இதைத் திரையிட முன்வந்ததற்காக, அதற்குத் தரும் அரசு நிதியை நிறுத்த வேண்டும் என்று அந்நாட்டின் அப்போதைய நிதியமைச்சர் அவிக்டோர் லீபர்மனே கிளம்பினார். 2021 செப்டம்பரில் டொராண்டோ விழாவில் முதலில் திரையிட்டபோது கிளம்பாத புயல், வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் நெட்ஃப்ளிக்ஸில் வந்ததும் கிளம்பியது.

20 டிசம்பர் 2022

இங்கே சிலர் எழுதிய ‘இஸ்ரேலிய இராணுவம்’ என்ற சொல்லை நானும் வேறிடத்தில் பயன்படுத்தியிருக்கிறேன். இஸ்ரேல் என்ற அரசு 1948 மே 14 அன்றுதான் அறிவிக்கப்பட்டது. அதன் இராணுவம் மே 26 அன்று அமைந்தது. அதற்கு முன்பு ஊர்களைக் கைப்பற்றிய முதன்மையான யூத ஆயுதப்படை ஹகானா. படத்தில் வருபவர்களை ஹகானாவினர் என்பதே சரி.

22 டிசம்பர் 2022

ஆஸ்கரின் பதினைந்து படக் குறும்பட்டியல் வந்துவிட்டது, ‘ஃபர்ஹா’ இல்லை. ஒரு குஜராத்திச் சிறுவனின் திரைப்பட மோகத்தைப் பற்றிய நம் நாட்டுப் படம் இருக்கிறது. மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் காப்பி குடித்தேன்.

3 ஜனவரி 2023

கதவைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன் என்று உறக்கத்தில் தோன்றியது.

தந்தையாக நடிக்கும் அஷ்ரஃப் பர்ஹோம், மகளை முதலில் தோழியின் குடும்பத்தாரோடு காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். ஃபர்ஹாதான் ஓடும் காரிலிருந்து குதித்து, அவரிடம் திரும்பி ஓடி வருகிறாள். ஆகவே அந்த அறைக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தது அவளுடைய அன்பே. பூட்டியது அவருடைய அன்பு. பள்ளிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கையெழுத்திட்ட அதே கை, சில மணி நேரத்தில் சாவியைத் திருப்புகிறது. இந்தப் படம் குழந்தைப் பருவத்தைப் பற்றியது என்று சொல்வதற்கு எனக்குப் போதுமான காரணம் இது ஒன்றுதான்: தனக்காக எடுக்கப்படும் எல்லா முடிவும் நல்ல எண்ணத்தோடு, தன்னைக் கேட்காமல் எடுக்கப்படுகிற வயது அது. சண்டையில்லாத காலத்தில் அவள் கேட்டதும் ஒரு கதவைத் திறக்கச் சொல்லித்தான். பள்ளிக் கதவை.

இதை எழுதும்போது என் சொந்தக் கதவும் நினைவுக்கு வருகிறது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்த பிறகு, எங்களில் 1.7 லட்சம் பேர் விமானங்களில் தாயகம் திரும்பிய அந்த நாள்களில், நானும் பாஸ்ரா, பாக்தாத் வழியாகப் பேருந்தில் ஜோர்டான் எல்லைக்கு வந்து, ருவைஷித் அருகே பாலைவனக் கூடாரத்தில் நாள்களை எண்ணிவிட்டு அம்மானில் விமானம் ஏறினேன். வீட்டைப் பூட்டியபோது, திரும்பி வந்து திறப்பேன் என்று நம்பி எரிவாயு அடுப்பின் குழாயைக்கூடத் திருகி மூடினேன். நீர்த்தொட்டியை நிரப்பி வைத்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தச் சாவி முப்பத்திரண்டு ஆண்டுகளாக என் அலமாரியில், பழைய ரேஷன் அட்டைக்கு அடியில் கிடக்கிறது. பாலஸ்தீனக் குடும்பங்கள் 1948 வீட்டின் சாவியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது ஏன் என்பது எனக்குப் புரிகிறது.

4 ஜனவரி 2023

புரிகிறது என்று எழுதியது மிகை. நீக்கலாம் என்று நினைத்தேன். எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும்.

நான் அம்மானில் ஏறிய விமானம் என்னைப் பம்பாயில் இறக்கியது. இறங்கியவுடன் எனக்கு ஒரு நாடு இருந்தது, ரயில் இருந்தது, ஊரில் திண்ணையோடு ஒரு வீடும் இருந்தது. ஹவல்லி நண்பரின் குடும்பம் அடுத்த ஆண்டு அதே அம்மானுக்குப் போய்ச் சேர்ந்தது. போருக்கு முன்பு குவைத்தில் ஏறக்குறைய நான்கு லட்சம் பாலஸ்தீனர்கள் இருந்தார்கள்; போர் முடிந்ததும் பெரும்பாலானோர் வெளியேற நேர்ந்தது. வெண்டைக்காய் மாலை கட்டிய அந்த அம்மையார் 1948இல் ஒருமுறையும் 1991இல் மறுமுறையும் ஒரு வீட்டின் மூனேயை விட்டுவிட்டு வந்தவர். என் சாவி ஒரு வாடகை வீட்டின் சாவி. இரண்டையும் ஒரே கொக்கியில் மாட்டக் கூடாது.

27 பிப்ரவரி 2023

இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை நான் கவனிக்காதது: வெளியே சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் ஃபர்ஹா இடுக்கில் கண்ணை வைக்கும்போது, அவள் முகத்தில் ஒரு கோடு வெளிச்சம் விழுகிறது. முதற்பகுதியில் அவள் முகத்தில் விழுவது திறந்த வெளியின் ஒளி. அறைக்குள் அது ஓர் ஈர்க்குச்சி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. வெளியே வந்த பிறகு அதே வெயில் முழுமையாக அவள்மீது படுகிறது. அப்போது அது ஆறுதலாக இல்லை. அறைக்குள் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கியைக் கண்டெடுத்துக் கதவைச் சுட்டு உடைத்துக்கொண்டு அவள் வெளியேறும் காட்சியைச் சிலர் வெற்றியாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் துப்பாக்கி நேற்றே கிடைத்திருந்தால் என்ற எண்ணம்தான் எழுந்தது. கிடைத்திருந்தால் அவளும் முற்றத்தில்தான் கிடந்திருப்பாள் என்பது அடுத்த எண்ணம்.

குறையும் ஒன்று உண்டு. தோழி ஃபரீதா நகரத்துப் பெண் என்பதை ஆடையால் காட்டிவிட்டுப் படம் அவளை அத்தோடு விட்டுவிடுகிறது. அவள் வாயிலிருந்து பள்ளியைப் பற்றி இன்னும் நான்கு வரி கேட்டிருந்தால், ஃபர்ஹா எதை இழந்தாள் என்பது இன்னும் துல்லியமாகியிருக்கும். அக்காலத்துச் சிற்றூர்களில் பெண்களுக்கென்று பள்ளி இருந்தது மிக அரிது. குர்ஆன் ஓதக் கற்றால் போதும் என்பதே பெரியவர்களின் பொதுக் கருத்து. அந்த வழக்கத்தோடு அவள் நடத்தும் சண்டை இன்னொரு படத்துக்குப் போதுமானது.

28 பிப்ரவரி 2023

“நீங்கள் படத்தை விட்டுவிட்டு ஊறுகாயைப் பற்றியே பேசுகிறீர்கள்” என்று ஒருவர். படமும் அப்படித்தான் ஐயா.

9 ஜூலை 2023

இதே பொருளில் வேறு படம் உண்டா என்று கேட்டவருக்கு: ஆன்மேரி ஜாஸிர் 2012இல் எடுத்த ‘லம்மா ஷுஃப்தக்’ என்ற படத்தைப் பாருங்கள். ‘உன்னைக் கண்டபோது’ என்று பொருள். 2013 பெர்லின் விழாவில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது. 1967 போருக்குப் பின் ஜோர்டான் முகாம் ஒன்றில் தாயோடு தங்கியிருக்கும் பதினொரு வயதுத் தாரிக், வீட்டுக்குப் போக வேண்டும் என்று தினமும் கேட்கிறான். அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எண்கள் தண்ணீர்பட்ட பாடு. ஃபர்ஹா பள்ளிக்கு ஏங்குகிறவள். தாரிக் வகுப்பிலிருந்து வெளியேற்றப்படுகிறவன். அவள் அடைபட்டவள், அவன் நடந்துகொண்டே இருப்பவன். கேள்வி கேட்டவரின் மகளுக்கு முதலில் இதைக் காட்டலாம். இதில் வெயிலும் பாட்டும் சிரிப்பும் உண்டு. முடிவில் மூச்சு நிற்கும்.

தாரின் ஸல்லாம் ‘ஃபர்ஹா’வுக்கு முன் அம்ஜத் அல் ரஷீதுடன் சேர்ந்து எடுத்த ‘கிளி’ என்ற குறும்படமும் கவனிக்கத்தக்கது. துனீசியாவிலிருந்து வந்த ஒரு யூதக் குடும்பம் ஹைஃபாவில் ஒரு வீட்டில் குடியேறுகிறது. வெளியேறிய பாலஸ்தீனக் குடும்பம் விட்டுச்சென்ற கிளி அங்கே இருக்கிறது. ‘ஃபர்ஹா’வில் மறுபக்கத்தை மனிதராகக் காட்டவில்லை என்று குறைப்படுகிறவர்கள், கைக்குட்டை இளைஞனோடு சேர்த்து இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

12 அக்டோபர் 2025

இரண்டு ஆண்டுகளாக இந்த இழையில் நான் எதுவும் எழுதவில்லை. காஸாவிலிருந்து வரும் செய்திகளுக்கு நடுவே ஒரு படத்தின் ஒளியமைப்பைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

இவ்வாண்டு வெனிஸ் விழாவில் கௌதர் பென் ஹனியாவின் ‘ஹிந்த் ரஜபின் குரல்’ வெள்ளிச் சிங்கம் நடுவர் பெருவிருது பெற்றிருக்கிறது. 2024 ஜனவரி 29 அன்று காஸா நகரில், உறவினர்கள் கொல்லப்பட்டுக் கிடந்த காருக்குள்ளிருந்து தொலைபேசியில் உதவி கேட்ட சிறுமியின் உண்மையான குரலைக் கொண்டு எடுத்த படம். படம் பெரும்பாலும், அழைப்பை ஏற்ற செம்பிறைச் சங்கத்தாரின் (செஞ்சிலுவைச் சங்கம் போன்றது) அலுவலகத்துக்குள்ளேயே நடக்கிறது என்று படித்தேன். இன்னும் நான் பார்க்கவில்லை. ‘ஃபர்ஹா’வில் நாம் குழந்தையோடு உள்ளே இருந்துகொண்டு வெளியே நடப்பதைக் கேட்கிறோம். இதில் வெளியே இருந்துகொண்டு உள்ளே இருக்கும் குழந்தையைக் கேட்கிறோம் போலும். பார்த்த பிறகு எழுதுகிறேன், எழுத முடிந்தால்.

2 நவம்பர் 2025

முதல் கேள்வி கேட்டவர் நேற்று எழுதியிருந்தார். அவர் மகளுக்கு இப்போது பதினாறு வயது. மூன்று ஆண்டுகள் காத்திருந்து, சென்ற வாரம் இருவரும் ‘ஃபர்ஹா’ பார்த்தார்களாம். குழந்தை அழும் இடத்தில் அவர்தான் எழுந்து போய்விட்டார்; மகள் இறுதி வரை பார்த்தாள். தந்தை என்னவானார் என்பதை ஃபர்ஹா பிறகு அறியவே இல்லை என்று முடிவில் தெரிந்ததும், அவள் கேட்டது ஒரே கேள்வி: கதவை ஏன் வெளிப்பக்கம் பூட்டினார், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே?

எனக்குத் தெரிந்த பதிலை எழுதி அனுப்பினேன். வெளியே பூட்டு தொங்கினால் வீட்டில் ஆளில்லை என்று வருபவர்கள் நினைப்பார்கள். உள்ளே தாழிட்ட கதவு ஆளிருப்பதைச் சொல்லிவிடும். அதோடு, காரிலிருந்து குதித்தவள் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு மறுபடியும் தந்தையைத் தேடி ஓடி வர மாட்டாள் என்பதற்கும் உறுதியில்லை.

இன்று காலை மறுமொழி வந்திருக்கிறது. இரண்டாவது காரணத்தை மகள் ஒப்புக்கொண்டாளாம். முதல் காரணத்துக்கு, “அப்படியென்றால் சாவியை அவளிடம் அல்லவா கொடுத்திருக்க வேண்டும்” என்றாளாம். வெளிப்பூட்டுக்கு உள்ளே சாவி கொடுத்து என்ன பயன் என்று அவர் சொல்லியிருக்கிறார். “பயனில்லைதான், இருந்தாலும்” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள் என்று எழுதுகிறார்.